ஸ்பைக் மில்லிகனிடம் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் கேட்டது இது: "பிரிட்டனின் மான்டி பைத்தன் நகைச்சுவைக் குழுவுக்கே முன்னோடி ஸ்பைக் மில்லிகன் என்கிறார்கள். அவருடைய 'கூன் ஷோ' வசனங்களை வாங்கி இரண்டு நாடகம் படித்தேன். சிரிப்பே வரவில்லை. இந்தியாவில் பிறந்தவர் என்பதால் நம் ஆட்கள் தூக்கி வைக்கிறார்களா? மனநோய் இருந்த ஒருவர் உளறியதை மேதைமை என்று சொல்லிவிட்டார்களா?" இதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அவர் புதிதாக என்ன செய்தார்? அதைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

நான் இருபது ஆண்டுக்கு மேல் தமிழ் வானொலி நாடகங்களுக்கு எழுதியவன், அவற்றுக்கு ஒலி சேர்த்தவன். அந்த அனுபவத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நீங்கள் "படித்தேன்" என்று சொன்ன இடத்திலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. கூன் ஷோ பிபிசியின் வானொலி நகைச்சுவை நாடகத் தொடர். அதைப் படிப்பது, தவில் கச்சேரியை நோட்டுப் புத்தகத்தில் படிப்பது மாதிரி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்த சத்தம்தான் அதில் பாதி நாடகம்.

முதலில் ஆளைப் பற்றி. முழுப்பெயர் டெரன்ஸ் ஆலன் மில்லிகன். 1918 ஏப்ரல் 16 அன்று அகமத்நகரில் பிறந்தார். அப்பா லியோ அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் பீரங்கிப்படையில் சிப்பாய். படை முகாம்களில் நடக்கும் மேடை நிகழ்ச்சிகளில் ஆடிப் பாடுவதில் அவருக்குத் தீராத ஆசை. புனேயிலும், பிறகு ரங்கூனிலும் வளர்ந்த பையன் இந்துஸ்தானியைத் தெருவிலும் வீட்டு வேலையாட்களிடமும் கற்றுக்கொண்டான். 1933இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனபோது அவருக்கு 15 வயது. பங்களா, வேலையாள், வெயில் எல்லாம் போய், தென்கிழக்கு லண்டனில் குளிரும் குறுகிய வீடும் வந்தன. அந்த அதிர்ச்சியைக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். ஆனால் இதை வைத்து அவரை "நம்ம ஊர் ஆள்" என்று சொல்வது சரியில்லை. அவர் கண்டோன்மென்ட் பிள்ளை, படைக் குடியிருப்பில் வளர்ந்தவர். இந்தியா அவருக்குப் பிள்ளைப் பருவம், அவ்வளவுதான். எந்த நாட்டிலும் முழுதாகச் சேராத பையன் என்பதுதான் அவருடைய எழுத்துக்கு முக்கியம்.

இங்கிலாந்தில் சின்னச் சின்ன வேலைகள் பார்த்தார். டிரம்பெட், கிட்டார், டபுள் பாஸ் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். ஜாஸ் என்றால் உயிர். 1940இல் பீரங்கிப்படையில் சேர்க்கப்பட்டு இங்கிலாந்தின் தென்கரையில் பெக்ஸ்ஹில் என்ற கடலோர ஊரில் காவல் இருந்தார். 1943 தொடக்கத்தில் அல்ஜீரியா, துனிசியா. அப்புறம் இத்தாலி. 1944 ஜனவரியில் அங்கே ஒரு மோர்ட்டார் குண்டு அவர் அருகில் வெடித்தது. காலில் பட்ட காயம் ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை. பீரங்கி முழங்கினால் உடம்பு நடுங்கியது, பேச்சு திக்கியது, காரணமில்லாமல் அழுகை வந்தது. இதை அவரே தன் போர் நினைவு நூல்களில் எழுதியிருக்கிறார். அந்த நிலையில் மேலதிகாரி செய்தது, அவருடைய சட்டைக் கையில் இருந்த ஒற்றைப் பட்டையைப் பிடுங்கி, பதவியிறக்கம் செய்ததுதான்.

இந்தப் பட்டை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூன் ஷோவில் வரும் ராணுவ அதிகாரிகள் எல்லாரும் கோழைகள், திருடர்கள், வயிற்றுப்போக்குக்காரர்கள். மேஜர் பிளட்னாக் என்ற பாத்திரம் சண்டை என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். 1950களில், ஆறு வருடப் போரில் இருந்து வீடு திரும்பி, ரேஷன் அட்டையோடு நின்றுகொண்டிருந்த சாதாரண சிப்பாய்களுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பிறகு கூன் ஷோவில் கூட நடித்த ஹாரி சீகோம்பை அவர் சந்தித்த கதை பிரபலம். துனிசியாவில் இவர்களுடைய பெரிய பீரங்கி ஒன்று பின்னால் உதைத்துக் கொண்டு பாறை விளிம்பில் இருந்து கீழே உருண்டுவிட்டது. கீழே ஒரு சின்ன வண்டிக்குள் சீகோம்ப் உட்கார்ந்திருந்தார். திரையை விலக்கி ஒரு தலை எட்டிப்பார்த்து, "யாராவது ஒரு பீரங்கியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டது. "என்ன நிறம்?" என்றார் சீகோம்ப். பீரங்கி விழுந்ததும், இருவரும் அந்த இடத்தில் இருந்ததும் நம்பத்தக்கவை, இருவருமே சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டு வரியும் அன்றைக்கே அப்படி வார்த்தைக்கு வார்த்தை வந்ததா, நாற்பது வருடம் சொல்லிச் சொல்லி மெருகேறியதா என்றால், நான் இரண்டாவதன் பக்கம் சாய்வேன். மில்லிகன் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது கதைக்காரனாகவே சொல்வார். தேதியும் இடமும் சரியாக இருக்கும், உரையாடல் நாடகமாகிவிடும். அவருடைய நினைவுக் குறிப்புகளை இந்தக் கணக்கோடு படிப்பது நல்லது.

போர் முடிந்து இத்தாலியில் சில காலம் ஒரு மூவர் இசைக்குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு லண்டன் திரும்பினார். வெஸ்ட்மின்ஸ்டரில் ஜிம்மி கிராஃப்டன் என்பவர் நடத்திய மதுக்கடையில் மில்லிகன், சீகோம்ப், பீட்டர் செல்லர்ஸ், மைக்கேல் பென்டைன் நால்வரும் கூடினார்கள். கடைக்காரரே வானொலிக்கு எழுதுபவர். மில்லிகன் அந்தக் கட்டடத்தின் மாடி அறையில் தங்கிக்கூட இருந்தார். அங்கே உருவானது 1951 மே 28 அன்று 'கிரேசி பீப்பிள்' என்ற பெயரில் பிபிசியில் தொடங்கியது. அடுத்த வருடமே 'கூன் ஷோ' ஆனது. பென்டைன் இரண்டாவது வரிசையோடு (சீசனோடு) விலக, மூவராக 1960 ஜனவரி வரை இருநூறுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நடத்தினார்கள். லாரி ஸ்டீஃபன்ஸ், எரிக் சைக்ஸ் போன்றவர்கள் கூட எழுதினார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் பெரும்பகுதி மில்லிகனின் கை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: "சத்தம் வசனத்துக்குப் பின்னாடி நிக்கணும்." கதவு திறந்தால் கதவுச் சத்தம், குதிரை வந்தால் இரண்டு கொட்டாங்குச்சி. சொன்னதை உறுதிசெய்ய மட்டும்தான் சத்தம். வானொலியில் எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். மில்லிகன் இதைத் தலைகீழாக்கினார். அவரிடம் சத்தமே ஒரு பாத்திரம். யாரோ ஒருவர் ஓடும் காலடி கேட்கும், மூச்சு வாங்கும், படி இறங்கும், தூரத்தில் தேயும், மறுபடி நெருங்கும், கேட்பவர் "போதும்" என்று நினைக்கும் புள்ளியையும் தாண்டி ஓடும். வெறும் காலடி. அதுவே நகைச்சுவை. கேட்பவரின் தலைக்குள் இருக்கும் படத்துக்குச் செட் போட வேண்டாம், காசு வேண்டாம், இயற்கை விதிகூட வேண்டாம் என்பதை அவர் அளவுக்கு யாரும் பயன்படுத்தியதில்லை.

அதற்காக அவர் பட்ட பாட்டுக்கு ஒரு உதாரணம். ஒரு காட்சிக்கு, எதையோ ஈரமாக, கனமாக அறையும் சத்தம் தேவைப்பட்டது. பிபிசி கேன்டீனுக்குப் போய்க் கொஞ்சம் கஸ்டர்ட் கேட்டாராம். அங்கிருந்த அம்மா, பாவம் வயிறு சரியில்லை போல என்று நினைத்து அக்கறையாகப் புதிதாகச் செய்து கொடுத்தாராம். இவர் காலுறையைக் கழற்றி அதற்குள் கஸ்டர்டை ஊற்றி, சுழற்றிப் பலகையில் அடித்தார். இந்தக் கதையும் சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும். ஆனால் எனக்கு இதில் சந்தேகமே வராத ஒரு பகுதி உண்டு. ஒரு குறிப்பிட்ட சத்தம் காதுக்குள் கேட்டுவிட்டால், அது கிடைக்கும்வரை தூக்கம் வராது. நான் நனைந்த கோணிச்சாக்கைத் தரையில் போட்டுப் போட்டு ஒரு மதியம் முழுக்க ஓட்டியிருக்கிறேன், ஒரு ஆள் சேற்றில் விழும் ஒற்றைச் சத்தத்துக்காக.

அடுத்தது, "உளறல்" என்கிறீர்களே, அது. 1955இல் வந்த 'நெப்போலியனின் பியானோ' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பியானோவை ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்கு மாற்ற 5 பவுண்ட் கூலி என்கிறார்கள். நாடகத்தின் நாயகன் நெட் சீகூன் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறான். போட்ட பிறகுதான் தெரிகிறது, முதல் அறை பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டாவது அறை இங்கிலாந்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் பொய் ஒன்றுமில்லை. சரி, பியானோவை எப்படிக் கொண்டுவருவது? கடலில் இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டி வருகிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தின படியில் இருந்து நியாயமாகப் பிறக்கிறது. முதல் படியை நாம் ஒப்புக்கொண்டதுதான் நம் தவறு.

இன்னொன்று, எக்கிள்ஸ் என்ற பாத்திரம். மில்லிகனே குரல் கொடுத்தது, உலகத்திலேயே வெகுளியான ஆள். புளூபாட்டில் என்ற இன்னொரு பாத்திரம் அவனிடம் மணி கேட்கிறான். எக்கிள்ஸ் ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்து எட்டு மணி என்கிறான். காலையில் ஒரு நல்ல மனிதரிடம் மணி கேட்டேன், எழுதிக் கொடுத்தார் என்கிறான். எட்டு மணியாக இல்லாதபோது யாராவது மணி கேட்டால் என்ன செய்வாய்? காட்டமாட்டேன். எட்டு மணி ஆகிவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதுதான் காகிதத்தில் எழுதியிருக்கிறதே! இதில் ஓட்டை கண்டுபிடித்துப் பாருங்கள். வட்டம் சுத்தமாக மூடிக்கொள்கிறது. புளூபாட்டில் கடைசியில் தனக்கும் ஒரு காகிதம் வேண்டும் என்று ஆசைப்படுகிறான், நமக்கும் அந்த ஆசை வருகிறது. மனம் போனபடி எழுதுகிறவரால் இதை எழுத முடியாது. ஒவ்வொரு கேள்வியும் எந்த வரிசையில் வர வேண்டும் என்று அளந்து வைத்திருக்கிறார்.

போரும் இதற்குள் வந்துகொண்டே இருந்தது. 1954இல் எழுதிய ஒரு நாடகம் அவர் காவல் இருந்த அதே பெக்ஸ்ஹில்லில் நடக்கிறது. 1941, விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்ட ஊர். யாரோ ஒருவன் இருட்டில் மாவுப் பணியாரத்தை ஆட்கள் மேல் வீசுகிறான். தேடிப் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கலாம் என்றால், கடலில் இருக்கும் ஜெர்மன் கப்பலுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். இவ்வளவு தூரத்தில் இருந்து ஒரு குச்சியா தெரியும் என்று சொல்லி ஒருவர் கிழிக்கிறார். குச்சி உரசும் சத்தம். உடனே குண்டு விசிலடித்து வரும் சத்தம், வெடிப்பு. பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது பதிவில் கேட்கிறது. தன் பக்கத்தில் நிஜமாகவே குண்டு விழுந்து பத்து வருடம் ஆன மனிதர் எழுதியது அது. நான் அந்த இடத்தைக் கேட்கும்போதெல்லாம் சிரித்து முடித்ததும் ஒரு கணம் அமைதியாகிவிடுவேன்.

இனி மனநோய் பற்றி. 1952 கடைசியில், மூன்றாவது வரிசை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் உடைந்து போனார். பக்கத்து வீட்டில் இருந்த பீட்டர் செல்லர்ஸைக் கொல்ல வேண்டும் என்று கத்தியோடு போனார். மருத்துவமனையில் சேர்த்தார்கள், நிகழ்ச்சி பல வாரம் அவர் இல்லாமலே ஓடியது. வாரம் ஒன்று, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், பெரும்பாலான வரிசைகளில் இருபத்தைந்துக்குக் குறையாமல் என்று எழுதிய பாரம் தன்னை நொறுக்கியது என்று அவரே பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். வாழ்நாள் முழுக்க இருமுனை மனநோயோடு இருந்தார், பல முறை மருத்துவமனைக்குப் போனார். 1993இல் மனநல மருத்துவர் ஆண்டனி கிளேருடன் சேர்ந்து மனச்சோர்வு பற்றி ஒரு நூலே எழுதினார். போர் அதிர்ச்சியா, வேலைப் பளுவா, பிறவியிலேயே இருந்ததா என்று பிரித்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை, நான் மருத்துவன் இல்லை. ஆனால் எழுத்தாளனாக ஒன்று உறுதியாகச் சொல்வேன். நோய் அவருக்கு நாடகம் எழுதித் தரவில்லை. நோய் வந்த வாரங்களில் அவர் எழுத முடியாமல் படுத்துக்கிடந்தார். எழுதியது நோய்க்கு நடுவே தெம்பு கிடைத்த நாட்களில். அதனால் "பைத்தியக்காரனின் மேதைமை" என்ற பேச்சு எனக்கு வலிக்கிறது. அது அவருடைய உழைப்பையும் மறைக்கிறது, வேதனையையும் மறைக்கிறது.

மான்டி பைத்தன் சங்கதிக்கு வருவோம். உறுதியாகத் தெரிந்தவை இவை. 1969 மார்ச்சில் பிபிசி 2இல் மில்லிகனின் 'க்யூ5' தொலைக்காட்சித் தொடர் வந்தது. பைத்தன் தொடங்கியது அதே வருடம் அக்டோபர் 5. க்யூ5இல் காட்சிகள் முடிவதில்லை. நடுவிலேயே நின்றுவிடும், நடிகர்கள் இப்போது என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே கேமரா பக்கம் நகர்ந்து வருவார்கள். உடையில் துணிக்கடைச் சீட்டு மாதிரி அடையாள அட்டை தொங்கும், யாரும் அதை மறைக்க மாட்டார்கள். இதைப் பார்த்த பைத்தன் குழுவின் டெர்ரி ஜோன்ஸும் மைக்கேல் பேலினும், தாங்கள் செய்ய நினைத்ததை இவர் செய்துவிட்டாரே என்று திகைத்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் யார் இயக்கினார் என்று பெயரைப் பார்த்து, அதே இயன் மெக்நாட்டனைத் தங்கள் தொடருக்குக் கேட்டு வாங்கினார்கள். ஒரு காட்சிக்கு "பஞ்ச்" வேண்டியதில்லை என்ற விடுதலை மில்லிகனிடம் இருந்து வந்தது என்பது என் முடிவு. அதே சமயம், பைத்தன் முழுக்க அவர் போட்ட பிச்சை என்று பேசுவது மிகை. அவர்களுக்குக் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு மேடைப் பழக்கம் இருந்தது, அதற்கு முன்பே வேறு தொடர்களில் கைதேர்ந்திருந்தார்கள். வருத்தமான விஷயம், க்யூ5இன் பல பகுதிகளின் டேப்பை பிபிசி அழித்துவிட்டது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் மிச்சமிருப்பதே கொஞ்சம்.

எழுத்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1963இல் வந்த 'பக்கூன்' நாவல். அயர்லாந்து இரண்டாகப் பிரியும்போது வரைந்த எல்லைக்கோடு ஒரு கிராமத்தின் நடுவில் போகிறது. மதுக்கடையின் ஒரு மூலை மட்டும் வடக்கு அயர்லாந்தில் விழ, அங்கே சரக்கு விலை குறைவு. கடை முழுக்கக் காலி, அந்த மூலையில் மட்டும் நெரிசல். தேவாலயம் ஒரு பக்கம், கல்லறை மறுபக்கம், புதைக்கப் போகும் பிணத்துக்குப் பாஸ்போர்ட் கேட்கிறார்கள். வங்காளத்திலும் பஞ்சாபிலும் கோடு கிழித்த கதை தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதை எழுதிய அவருக்கே அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் சிக்கல் வந்தது. பிரிட்டிஷ் படையில் போரிட்டு அடிபட்டவர்தான், ஆனால் தகப்பன் அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால் விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டு அயர்லாந்துக் குடிமகன் ஆனார்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 1969இல் 'கறி அண்ட் சிப்ஸ்' என்ற தொடரில் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாகிஸ்தானியாக நடித்தார். எழுதியது ஜானி ஸ்பைட், இனவெறியைக் கிண்டல் செய்வதுதான் நோக்கம் என்றார்கள். புகார்கள் குவிந்து ஆறு பகுதியோடு நின்றது. கூன் ஷோவிலேயே லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியர்கள் வருவார்கள், குரல் செல்லர்ஸும் மில்லிகனும். அந்த இருவரின் பேச்சில் எனக்குக் கொஞ்சம் வாஞ்சையும் கேட்கிறது, நடுவில் வரும் இந்துஸ்தானி வார்த்தைகள் சிறு வயதில் காதில் விழுந்தவை. ஆனால் சாயம் பூசிய முகத்துக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். இந்தியாவில் வளர்ந்ததால் அந்த உரிமை வந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தால், அது தவறு.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கு எழுதிய 'நிங் நாங் நாங்' பாட்டு 1998இல் பிரிட்டனில் மக்களுக்குப் பிடித்த வேடிக்கைப் பாட்டாகத் தேர்வானது. 1971இல் லண்டன் கலைக்கூடம் ஒன்றில் மீன்களுக்கு மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் கண்காட்சி வந்தபோது, சுத்தியலோடு போய்க் கண்ணாடியை உடைத்தார். கென்சிங்டன் பூங்காவில் பாழடைந்து கிடந்த, குட்டித் தேவதைகள் செதுக்கிய பழைய மரத்தை முன்னின்று சீர்செய்தார். 2002 பிப்ரவரி 27 அன்று 83 வயதில் இறந்தார். "உடம்பு சரியில்லை என்று சொன்னேனே" என்ற வரியைக் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. திருச்சபை நிர்வாகம் ஆங்கிலத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, ஐரிஷ் மொழியில் எழுதலாம் என்றது. அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் மறுபடி முயல்வதானால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு 'நெப்போலியனின் பியானோ' பதிவைத் தேடி எடுங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதல் பத்து நிமிடம் குரல்கள் குழப்பும், ஏனென்றால் மூன்றே பேர் பத்துப் பதினைந்து பேராகப் பேசுகிறார்கள். யார் என்ன சொல்கிறார் என்று துரத்த வேண்டாம், சத்தத்தின் பின்னால் போங்கள். பியானோ தண்ணீரில் இறங்கும்போது உங்கள் தலைக்குள் எந்த நிறக் கடல் தெரிகிறது என்று கவனியுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், காகிதத்தில் மணி எழுதி வைத்திருக்கும் அந்த எக்கிள்ஸ் காட்சியை ஒரு வரி விடாமல் உட்கார்ந்து பேசலாம்.